மஞ்சள் மேல்தகடு

1988 மே 9, திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடமும் இரண்டு வாளியும் பிடித்தேன். ஆறு மணிக்கு மில் சங்கு ஊதியது. அப்பாவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். மதியம் வரை வீட்டில் இருப்பார். ஏழே காலுக்கு இட்லி, தேங்காய்த் துவையல். அம்மா ரேஷன் கடை வரிசையில் பையை வைத்துவிட்டு வந்தாள். எட்டரை மணிக்கு அப்பா, சந்தில் நின்ற காரின் முன்விளக்குகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

இவ்வளவையும் அன்றைக்கே எழுதியிருக்கிறேன். ராஜபாளையத்தில் அப்பா ஃபிட்டராக இருந்த மில்லில் வருஷத்துக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். அவர் எழுத மாட்டார், நான் எழுதினேன். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவு அது. பதின்மூன்று வயதுப் பெண், வீட்டுக்கு ஒரே பிள்ளை.

உங்களுக்கும் என்னைப்போல ஐம்பது தாண்டியிருக்கும். நம் வயதுக்காரர்களிடம் சின்ன வயதைப் பற்றிக் கேட்டால் மாம்பழ வாசனை, மழை வாசனை என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த லீவில் நான் முகர்ந்தது பெயிண்டில் கலக்கும் தின்னர். பத்து நாள் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நல்லது நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுவதாக இருந்தால் இதை எழுதவே வேண்டாம்.

கார் தாத்தாவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் டாக்சியாக ஓடியது. உடம்பு கறுப்பு, மேல்தகடு மஞ்சள். தாத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பன்னிரண்டு வருஷம் ஓட்டினார். தாத்தா இறந்த ஆறாம் மாதம் பாகம் பிரித்தார்கள். மடவார் வளாகத்தில் இருந்த தாத்தா வீட்டில் பெரியப்பா குடும்பத்தோடு இருந்ததால் வீடு தனக்கு வேண்டும் என்றார். அப்படியானால் கார் எனக்கு என்றார் அப்பா. கார் இல்லாவிட்டால் அண்ணனுக்குப் பிழைப்பு இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

கடைசி வாக்கியத்தில் பிழை இல்லை. மில்லில் லாரி ஓட்டும் ஒருவர்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் சந்தில் நிறுத்தினார். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் கதவை இரண்டு முறை சாத்தினார். முதல் முறை சரியாகச் சாத்தவில்லை.

டாக்சியை வீட்டு வண்டியாக மாற்ற வேண்டுமென்றால் முழுதும் ஒரே நிறம் அடித்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். அப்பா வெள்ளை என்று முடிவு செய்தார். பெயிண்டரிடம் விடச் சம்மதிக்கவில்லை. விட்டால் மேலாக அடித்துக் கொடுத்துவிடுவான், அடியில் அண்ணனுடைய கறுப்பு அப்படியே கிடக்கும் என்றார். மில்லில் மிஷின்களுக்குப் பெயிண்ட் அடித்துப் பழகிய கை. ஸ்ப்ரே மிஷின் இரவல் கிடைக்கும். தேய்ப்பதற்கு நான் இருந்தேன்.

முதல் இரண்டு நாள் கழற்றும் வேலை. விளக்குகள், வைப்பர், கதவுப் பிடிகள், ஓரத்து வெள்ளிப் பட்டைகள், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர். ஒவ்வோர் இடத்துத் திருகும் தனித்தனிப் பவுடர் டப்பாவில். டப்பா மேல் நான் பேப்பர் ஒட்டி எழுதினேன். அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த ஒழுங்குதான். காரின் ஒவ்வொரு தகட்டுக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டார். ஒன்றிலிருந்து பதினொன்று. மேல்தகடு பதினொன்று.

பின் சீட்டை முதலில் தூக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அடியில் கிடைத்தவை: கொண்டை ஊசி ஏழு, யாரோ குழந்தையின் கொலுசுத் திருகு ஒன்று, பால்கோவா சுற்றி எண்ணெய் இறங்கிய காகிதம், ஒரு ஜோசியக் குறிப்பின் பாதி, துருப்பிடித்த பாக்குவெட்டி. என் செருப்பு இல்லை.

அந்தச் செருப்பைச் சொல்வதென்றால் கிருஷ்ணன்கோவிலைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏழு வயது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தோம். அம்மாவுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் காதைக் காட்ட வேண்டியிருந்தது. பெரியப்பாவுக்கு மதுரையில் ஆள் ஏற்ற வேண்டியிருந்தது, வண்டி காலியாகத்தான் போகும். அப்போதும் உடனே ஏற முடியாது. அன்றைய முதல் சவாரி போய் வந்து போணி ஆகாத வண்டியில் வீட்டு ஆள் ஏறக்கூடாது என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். முந்தைய தடவை தெரியாமல் ஏறி உட்கார்ந்ததற்குப் பெரியப்பா என் காதைத் திருகி இறக்கினார். அதனால் பதினோரு மணி வரை வெளியே நின்று, பிறகு ஏறினோம். ஏறியதும் தூங்கிவிட்டேன். யாரோ என்னைத் தூக்கி ரோட்டில் நிறுத்தியபோதுதான் விழித்தேன். கிருஷ்ணன்கோவில். நாலைந்து பேர் முண்டியடித்துக் காருக்குள் ஏறினார்கள், கார் போய்விட்டது. என் ஒரு ஜோடிச் செருப்பும் உள்ளே போய்விட்டது. தார் ரோடு சுட்டது. அம்மா பையைக் கீழே போட்டு அதன்மேல் என்னை நிற்க வைத்தாள். பஸ் வர இரண்டு மணி நேரம். அம்மா ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தாள்.

இதை அம்மா எத்தனையோ பேரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எப்போதும் ஒரே மாதிரி சொல்வாள்: பச்சைப் பிள்ளையோட நடுரோட்டுல எறக்கி விட்டுட்டுச் சவாரிக்குப் போனவிய அவிய. கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் பக்கத்தில் நின்று காலைப் பார்த்துக்கொள்வேன்.

பெயிண்ட் சாமான்கள் விற்ற பாய், ராஜபாளையம் கடைத்தெருவில் எல்லோருக்கும் பழக்கமானவர். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். தாத்தா காலத்திலிருந்து டாக்சிக்குப் பெயிண்ட் அவர் கடையில்தான். அதனால் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் தெரியும். மூன்றாம் நாள் காலை தானே வந்து வண்டியைப் பார்த்தார். கையில், நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் கட்டு.

அப்பா தகடு தெரியும் வரை தேய்க்கப் போவதாகச் சொன்னார். பாய் விரலால் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். பழைய பெயிண்ட் தகட்டைக் கவ்விப் பிடித்திருக்கிறது, அது இருந்தால்தான் புதுசுக்கும் பிடிமானம். பளபளப்பு போனால் போதும். எங்கே உரிந்திருக்கிறதோ அங்கே மட்டும் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, விரலை ஓட்டினால் படி தட்டாமல் இருக்க வேண்டும். கதவுகளின் அடி ஓரம் துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. அதற்கு மட்டும் பெயிண்டை உரிக்கும் ரிமூவர் ஒரு டப்பா கொடுத்தார். கையில் பட்டால் எரியும், பட்ட இடத்தில் பெயிண்டே சுருண்டு எழும், வேறு எங்கேயும் சிந்திவிடாதீர்கள் என்று என்னிடம்தான் சொன்னார்.

“நல்லாத் தேய்ச்ச வண்டி ரெண்டு பக்கமும் போகும், தம்பி. வெள்ளையும் ஏறும், கறுப்பும் ஏறும்,” என்றார் போகும்போது.

அப்பா பேப்பரை எண்ணி வாங்கிக்கொண்டார்.

தேய்ப்பதை நீங்கள் செய்து பார்த்திருக்க மாட்டீர்கள். மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் முக்கி, ஒரு முழத்துக்கு ஒரு முழம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் பேப்பர் வழுக்கும். பிறகு பிடிக்கும். சத்தம் மாறும், கரகரப்பு குறைந்து உஸ் என்று வரும்போது அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். கறுப்புத் தண்ணீர் கதவில் வழிந்து, சந்தில் ஓடி, பக்கத்து வீட்டு வாசல் வரை போனது. அந்த வீட்டம்மா வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழும் தெலுங்குமாக. கோலத்தில் கறுப்பு ஏறியதும் வாசலில் நின்றார்.

“ஏமம்மா, நாலு நாளா காருக்குத் தலைக்கு ஊத்துறீங்க. கல்யாணமா, கருமாதியா?”

அம்மா உள்ளேயிருந்தே, உங்க வீட்டு நாய்க்கு நீங்க ஊத்துறதைவிடக் குறைச்சல்தான் என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அம்மா காரைத் தொடவே இல்லை. வாளி நகர்த்தக்கூட வெளியே வர மாட்டாள். மதியம் என் கைக்கு நல்லெண்ணெய் மட்டும் தடவிவிடுவாள். ஆறாம் நாள் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. சோற்றில் சோப்பு ருசி. அப்பா தினமும் ஷிப்டுக்குப் போகுமுன் நான் தேய்த்ததைப் பின்னங்கையால் தடவிப் பார்த்து, திருப்தி இல்லாத இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்றும் போட மாட்டார். அதுதான் பாராட்டு.

ஒரு விஷயம் எனக்கு அப்போதே உறுத்தியது, எழுதியும் வைத்திருக்கிறேன். இந்த வேலையை மேலிருந்து கீழே செய்ய வேண்டும். அழுக்குத் தண்ணீர் கீழேதான் வழியும். பாயும் அதையே சொன்னார். அப்பா மட்டும் மேல்தகட்டைக் கடைசிக்குத் தள்ளினார். சனிக்கிழமை கேட்டேன், அப்புறம் என்றார். ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், உன் வேலையைப் பார் என்றார். பத்துத் தகடும் மங்கலாகி, எருமைத் தோல் மாதிரி நின்றன. மேலே மஞ்சள் மட்டும் வெயிலில் பளபளத்தது. ஒழுங்குக்குப் பேர்போன மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று டைரியில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அதற்குப் பதில் இப்போது தெரிகிறது. தேய்க்கச் சொன்னதும் அவர்தான், திரும்பப் போக ஒரு வழியை விட்டுவைத்ததும் அவர்தான். அதை அவரே தன்னிடம் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

17, செவ்வாய்க்கிழமை மாலை பாய் மறுபடி வந்தார். அப்பாவுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட், தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாய் சுற்றி வளைக்காமல் சொன்னார். டாக்சி பெர்மிட் பெரியப்பா பேரில் இருக்கிறது. புதுப்பிப்பதற்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்க வேண்டும், கறுப்பும் மஞ்சளுமாக. ஏற்கெனவே ஒரு முறை தள்ளி வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை நிற்காவிட்டால் பெர்மிட் போய்விடும், ஸ்டாண்டில் அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறான். கார் அப்பாவுடையதாகவே இருக்கட்டும். பெரியப்பா ஓட்டட்டும். வீட்டில் பின்கட்டு இரண்டு அறையையும் அப்பா பேருக்கு எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்.

“தகடு தேய்ச்சு ரெடியா இருக்கு. கறுப்பு அடிக்க ஒரு நாள் போதும். மேல மஞ்சளை நீ தொடல. ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றார் பாய்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். தாத்தாவுக்குக் கொள்ளி வைக்கிற நேரத்தில், தம்பி வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று பழைய கணக்கைச் சொன்னார். பாய் அதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பேசுவது என்று முடிவானது.

18, புதன்கிழமை. காலையில் மில்லிலிருந்து வந்து நாலு மணி நேரம் தூங்கினார். பதினொன்றரைக்கு வெளுத்த வேட்டி கட்டினார். கிளம்பும்போது என்னிடம், நான் வாரவரைக்கும் மேல்தகட்டைத் தொடாதே என்றார். பாயும் அவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தாள். அவர்கள் சந்து திரும்பியதும் சொன்னாள்.

“குடுத்துட்டு வந்துருவாரு, பாரு. ரெண்டு ரூமைக் காட்டுனா எம்புட்டு நேரம் தாங்கும் அவரு ரோசம்? பத்து நாளு ஒன் கை தேஞ்சதுதான் மிச்சம்.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஈயச் சட்டி விழுகிற சத்தம் கேட்டது.

நான் என் கையைப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. அந்தக் கை தேய்ந்ததெல்லாம் பெரியப்பா மறுபடி ஸ்டாண்டில் நின்று, போணி ஆகவில்லை என்று யாரையாவது காதைத் திருகி இறக்கிவிடுவதற்குத்தான் என்று தோன்றியது. அன்று நான் அழவில்லை, கத்தவில்லை. நிதானமாகத்தான் செய்தேன். மணி பன்னிரண்டேகால். ஸ்டூலைப் போட்டேன். ரிமூவர் டப்பாவில் முக்கால் பாகம் மீதி இருந்தது. கைக்குப் பிளாஸ்டிக் பை கட்டி, பழைய வெள்ளையடிக்கும் பிரஷால் மேல்தகட்டின் வலது முன் மூலையில் ஆரம்பித்தேன்.

செத்த நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மஞ்சள், கொதிக்கிற பாலில் ஏடு கட்டுவது மாதிரி சுருங்கியது. சுருங்கி, கிழிந்து, பொங்கியது. மூக்கில் ஏறி நெற்றிக்குள் குத்துகிற வாடை. பட்டி பூசும் தகட்டால் வழித்தேன். இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்காக அவ்வப்போது அடித்த மஞ்சள், ஒன்றின் மேல் ஒன்றாக, பட்டை பட்டையாக வந்தது. ஒன்று வெளிர், ஒன்று மஞ்சள்கிழங்கு நிறம், ஒன்று பப்பாளி. எண்ணினேன், ஏழு. அதற்கும் அடியில் தகடு, வெள்ளி மாதிரி. பிளாஸ்டிக் பை ஓட்டையாகி மணிக்கட்டில் எரிந்தது. கழுவிவிட்டு மறுபடி ஏறினேன். இரண்டே முக்காலுக்கு முழுதும் முடிந்தது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

அந்த வாடை அடுப்படி வரைக்கும் போயிருக்கும். பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மா வெளியே வரவில்லை.

ஆறேகாலுக்கு வந்தார்கள். அப்பா, பாய், பெரியப்பா. அப்பா கையில் பெரியம்மா கொடுத்துவிட்ட முறுக்குப் பொட்டலம். பெரியப்பா காக்கிச் சட்டை போட்டிருந்தார். விளக்குகளை மாட்டி வண்டியை அன்றைக்கே எடுத்துப் போய், மறுநாள் கறுப்பு அடிப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. சந்து முனையில் அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் நடந்து வந்ததைப் பார்த்தேன். கிட்ட வந்ததும் பெரியப்பா நின்றார்.

அவர் மேல்தகட்டைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பாய் எட்டி விரலை வைத்து, முகர்ந்து பார்த்தார்.

“தகடு வரைக்கும் போயிருச்சு. ரிமூவர் இண்டு இடுக்குல எல்லாம் நிக்குது. இப்ப எதை அடிச்சாலும் பொங்கிரும். கழுவி, ப்ரைமர் அடிச்சு, பட்டி வச்சு, காய விட்டுத் தேய்ச்சு… நாலு நாளுக்குக் குறையாது,” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

“என்னைய அங்க உக்கார வச்சுப் பேசிக்கிட்டே, இங்க பிள்ளைய விட்டு உரிச்சிருக்கே,” என்றார் பெரியப்பா அப்பாவிடம்.

அப்பா என்னைப் பார்த்தார். “இல்லண்ணே…” என்று ஆரம்பித்தார். பாகம் பிரித்த பிறகு அவர் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

“அண்ணனாம்லே அண்ணன். வயித்துல அடிக்கிறவனுக்கு மொறை ஒரு கேடு. ஓட்டத் தெரியாத பயலுக்குக் காரு.”

சந்தில் அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா சிரித்தார், அல்லது சிரித்தது போல இருந்தது. அப்பா முறுக்குப் பொட்டலத்தைப் பானெட் மேல் வைத்தார்.

“ஆமா. நாந்தான் உரிக்கச் சொன்னேன். இப்ப என்னங்கிறே?”

அது பொய். என் டைரியில் அதன் கீழே கோடு போட்டிருக்கிறேன். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, சந்தில் நின்றவர்களுக்காகச் சொன்னாரா என்று நான் பல வருஷம் யோசித்தேன். இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

“அப்பா சொல்லல. தொடாதேன்னுதான் சொன்னாரு. நானாத்தான் செஞ்சேன்,” என்றேன்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “ஏன்?” என்றார். அடிக்க வருவார் என்று நினைத்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“கிருஷ்ணன்கோவில்ல எங்களை எறக்கி விட்டுட்டுப் போனீங்கள்ல.”

அவருக்கு முதலில் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கினார். பிறகு மெதுவாக நிமிர்ந்து, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அம்மா அங்கே வந்து நின்றிருந்தாள்.

“ஏட்டி, அன்னைக்கு வண்டியை மறிச்சது பிரசவ கேசு. பிள்ளை பாதி வந்து நிக்கிது. ‘நீங்க கூட்டிட்டுப் போங்க, நாங்க பஸ்ஸுல வாரோம்’னு எறங்குனது ஒங்கம்மா. தூங்குன ஒன்னைத் தூக்கி வெளிய விட்டதும் அவதான். கேளு.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆறு வருஷம் அவரும் அந்தக் கதையின் ஒரு பாதியைத்தான் வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்.

அம்மா இல்லையென்று சொல்லவில்லை.

“எறங்குனேன். ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். பொறவு ஒரு நாளாவது, வீடு போய்ச் சேந்தியா, செத்தியான்னு ஒரு வார்த்தை கேட்டாகளா? கேக்கச் சொல்லுங்க.”

பெரியப்பா கேட்டிருக்கவில்லை. அதுவும் நிஜம்.

பாய் மட்டும், “போதும்மா, தெரு பாக்குது,” என்றார்.

பெரியப்பா காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். பாய் பின்னால் போனார். அந்த வெள்ளிக்கிழமை பெர்மிட் போனது. பெரியப்பா பிறகு யார் யாரிடமோ லாரி ஓட்டினார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பின்கட்டு அறைகள் பற்றிய பேச்சு மறுபடி எழவில்லை. எங்கள் கார் வெள்ளையாகி இரண்டு வருஷம் அதே சந்தில் நின்றது. அப்பா ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. மேல்தகட்டில் நான் சரியாகக் கழுவாத இடங்களில் வெள்ளை கொப்புளம் கொப்புளமாக எழுந்ததைப் பார்த்து, வாங்க வந்தவர் விலையைக் குறைத்தார்.

அன்று இரவு நான் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. பத்து நாள் நான் தேய்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். என் கையில் எண்ணெய் தடவும்போதெல்லாம் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அவரும் அடிக்கவில்லை. ஒன்பதரைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். சாக்பீஸ் எங்கே என்று மட்டும் கேட்டார். ஜன்னலில் இருக்கிறது என்றேன். எடுக்காமலே போனார்.

நான் பெரியப்பாவைப் பற்றி நினைத்தது தப்பு. செய்தது தப்பா என்று கேட்டால், அதற்கு இன்னும் என்னிடம் நேரான பதில் இல்லை. அவர் என் காதைத் திருகியது நிஜம். எனக்கு முப்பது வயதாகும்போது அவர் இறந்தார். சாவுக்குப் போனேன், ஓரமாக நின்றேன், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினேன்.

19, வியாழக்கிழமை. ஐந்து மணி பத்து நிமிஷம். உரசுகிற சத்தம் கேட்டு எழுந்து வெளியே வந்தேன். இரவெல்லாம் ஈரத்தில் நின்ற தகட்டில் துரு பூத்திருந்தது, மிளகாய்ப் பொடி தூவினது போல. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றாள். கையில் வாட்டர் பேப்பர். கட்டை வைக்கத் தெரியாமல் வெறும் விரலால் தேய்த்தாள். அவள் காரைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னொரு பேப்பரை நனைத்துக்கொண்டு எதிர்ப் பக்கம் போனேன். அப்பா மில்லிலிருந்து வந்தபோது துரு முழுதும் போயிருந்தது. அடுத்து அடிக்க வேண்டிய ரெட் ஆக்சைடு ப்ரைமர் டப்பாவின் மூடியை, தோசைத் திருப்பியை நுழைத்து நெம்பி, அம்மாதான் திறந்தாள்.